வடக்கு மூலையில் யாரும் விளையாடுவதில்லை

ஜூலை 4, வெள்ளி

அம்மாவின் தேர்தல் நோட்டீஸ் இரண்டு கட்டு பரணில் மிச்சம் கிடந்தது. பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் அதில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் அம்மா கைகூப்பிச் சிரிக்கிறாள். அவளுக்குப் பின்னால், அவளைவிடப் பெரிய படமாக அப்பா. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதால் அம்மா நின்றாள். ஜெயித்ததும் அம்மாதான். ஆனால் தெருவில் யாராவது "கவுன்சிலரே" என்று கூப்பிட்டால் அப்பாதான் திரும்பிப் பார்ப்பார்.

இன்று சாப்பிடும்போது அப்பா சந்தோஷமாக இருந்தார். ரைஸ்மில் ஆவுடையப்பன் மாமா எங்கள் வார்டுப் பூங்காவைத் தன் சொந்தச் செலவில் புதுப்பித்துத் தரப்போகிறாராம். அவருடைய அம்மாவின் நினைவாக. வடக்கு மூலையில் நீரூற்று, கலர் லைட்டு, சுற்றிலும் டைல்ஸ், நடுவில் அந்த அம்மாளின் சிலை.

"நகராட்சிக்கு ஒத்தப் பைசா செலவில்ல. கல்வெட்டுல நம்ம பேரும் வருது" என்றார் அப்பா.

"எம் பேரா?" என்று அம்மா கேட்டாள்.

"நம்ம பேருன்னா நம்ம பேருதான். சோத்தப் போடு."

வடக்கு மூலை வெறும் செம்மண் தரை. எங்கள் பள்ளி மைதானத்தில் புதுக் கட்டடம் வந்துவிட்டதால் எங்கள் கபடி டீம் தினமும் காலையில் அங்கேதான் பயிற்சி எடுக்கிறது. நான் சும்மா வேடிக்கை பார்க்கப் போவேன். வீட்டில் கணக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லியிருக்கிறேன். பொம்பளைப் பிள்ளை கபடி ஆடுவதை அப்பா பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 5, சனி

முழங்காலில் காயம். பள்ளிக்கூடப் படிக்கட்டில் விழுந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். மஞ்சள் வைத்துவிட்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

இசக்கியைப் பற்றி எழுத வேண்டும். அவள்தான் டீம் கேப்டன். என் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு 'பி'. சாயங்காலம் அவள் அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றுவாள். அவள் விரல் நுனிகள் அதனால்தான் மஞ்சளாக இருக்கின்றன. அந்த விரல்கள் கணுக்காலைப் பிடித்தால் பையன்கள்கூட விடுவித்துக்கொள்ள முடியாது.

இந்த மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாவட்டக் கபடித் தேர்வு, டீம் டீமாக ஆடவிட்டு ஆள் எடுப்பார்கள். அதில் அவளை எடுத்துவிட்டால் விளையாட்டு விடுதியில் இடம். சாப்பாடு, படிப்பு எல்லாம் அங்கேயே. எடுக்காவிட்டால் அடுத்த வருடம் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவதாக அவள் அம்மா சொல்லிவிட்டாள்.

"நான் விடுதிக்குப் போயிட்டா நீங்கள்லாம் என்ன பண்ணுவீய?" என்று இன்று கேட்டாள்.

"நிம்மதியா கால் வீங்காம இருப்போம்" என்றாள் முப்பிடாதி. எல்லாரும் சிரித்தோம்.

நீரூற்று வரப்போகிறது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பாவுக்கு யார் சொன்னது என்று தெரிந்துவிடும்.

ஜூலை 8, செவ்வாய்

மில்லிலிருந்து இரண்டு மூட்டை பொன்னி அரிசி வந்தது. அப்பா விலைக்கு வாங்கியது என்றார்.

ஜூலை 9, புதன்

நாளை நகராட்சியிலிருந்து பெண் எஞ்சினியர் ஒருவர் பூங்காவைப் பார்க்க வருகிறார். அவர் பெயர் ரிஸ்வானா. ஆவுடையப்பன் மாமா வீட்டுக்கு வந்து புலம்பினார்.

"சும்மா குடுக்கேன்னு சொல்லுதேன் அண்ணாச்சி, நாலு கேள்வி கேக்கு அந்தப் பிள்ள. அந்த எடத்தை இப்போ யாரு பொழங்குதாவ, கட்டுனப்புறம் யாரு பாத்துக்கிடுவா, கரண்டு பில்லு யாரு கட்டுவா, யாரு பேரு வைக்கணும். அப்புறம் வார்டு சனத்தைக் கூட்டிக் கேக்கணுமாம். அதுக்கப்புறம் நகர்மன்றத்துல தீர்மானமாம். எங்கம்மைக்கு நான் செலை வைக்க ஊரெல்லாம் கைதூக்கணுமா?"

"மொதக் கேள்விதான் வே முக்கியம்" என்றார் அப்பா. "யாரும் பொழங்கலைன்னு ஆயிட்டா மத்ததெல்லாம் சுளுவு."

பிறகு என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கி பத்து மணிக்கு யூனிபார்மோட பூங்காவுக்கு வா. டீச்சர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். அந்தம்மா கேட்டா வடக்கு மூலையில யாரும் வெளையாடுறதில்லன்னு சொல்லணும். என்ன?"

"சரிப்பா" என்றேன்.

அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

ஜூலை 10, வியாழன்

சொல்லிவிட்டேன்.

நான் போனபோது வடக்கு மூலையில் ஒரு லோடு செங்கல் கிடந்தது. காலைப் பயிற்சி முடிந்த பிறகு இறக்கியிருக்கிறார்கள். சரியாக எங்கள் ஆடுகளத்தின் நடுவில்.

எஞ்சினியர் ஸ்கூட்டியில் வந்தார். கையில் அளக்கும் டேப். நான் நினைத்ததைவிடச் சின்ன வயது. செங்கலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னும் மன்றத்துக்கே போகல. அதுக்குள்ள செங்கலா?"

"நல்ல நாள் பாத்து எறக்குனது மேடம்" என்றார் ஆவுடையப்பன் மாமா. "எடுக்கவா சொல்லுதிய? சும்மா தாரவன்ட்ட இம்புட்டு வெசாரணையா?"

"சும்மா வர்றதத்தான் சார் அதிகமா விசாரிக்கணும். நீங்க கட்டிக் குடுத்துட்டுப் போயிடுவீங்க. அதுக்கப்புறம் அது எங்க தலையில."

அப்பா சிரித்தார். அவர் கை என் தோளில் இருந்தது. எஞ்சினியர் என் பக்கம் திரும்பினார்.

"எந்த ஸ்கூல் பாப்பா?"

சொன்னேன்.

"பக்கத்துலதான். இந்த மூலையில பசங்க யாராச்சும் விளையாடுவாங்களா?"

செங்கலுக்கு அடியிலிருந்து சுண்ணாம்புக் கோடு ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இன்று காலையில் நான் போட்ட கோடு. நான் ஓர் அடி நகர்ந்து அதன்மேல் ஏறி நின்றுகொண்டேன்.

"யாரும் விளையாடுறதில்ல மேடம்" என்றேன்.

நகர்ந்து நிற்கும்படி அப்பா சொல்லவில்லை. கோடு இருப்பதே அவருக்குத் தெரியாது. அது நானாகச் செய்தது.

ஜூலை 11, வெள்ளி

இன்று காலை செங்கலைப் பார்த்து எல்லாரும் திகைத்துவிட்டார்கள். இசக்கிதான் முதலில் பாவாடையைத் தூக்கிச் செருகினாள்.

"என்னத்தப் பாக்கிய? தூக்குங்கட்டி. தண்டால் எடுக்கதுக்குப் பதிலா இது."

எல்லாரும் கை மாற்றிக் கை மாற்றிச் செங்கலைச் சுவரோரம் அடுக்கினோம். பாதிக்குமேல் அடுக்கியபோது பூங்காக் காவல்காரர் வந்து நீரூற்றுச் சமாச்சாரத்தைச் சொன்னார். இசக்கி கையிலிருந்த செங்கலைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"எப்போ வேலை ஆரம்பிப்பாவ?"

"மன்றத்துல கையெழுத்தானதும்."

"மாசக் கடைசிக்குள்ளயா?"

அவருக்குத் தெரியவில்லை. இசக்கி என்னைப் பார்த்தாள்.

"உலகா, உங்கம்மைதான கவுன்சிலரு. ஒரு வார்த்தை கேளேன். வேண்டாம்னு சொல்ல வேண்டாம். தேர்வு முடியுத வரைக்கும் பொறுக்கச் சொல்லு. அது போதும்."

"கேக்கேன்" என்றேன்.

ஜூலை 12, சனி

கேட்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என் டிராயரை ஒன்றிரண்டு முறை கசக்கிப் பிழிந்தபின் கேட்டாள்:

"ஸ்கூல் படிக்கட்டெல்லாம் சிமெண்டுதான?"

"ஆமாம்மா."

"அதுல செம்மண்ணு எங்கருந்து வருது?"

நான் வாளியில் தண்ணீர் மொண்டு வைத்தேன். அம்மா திருப்பிக் கேட்கவில்லை. அப்பா எழுந்து வருவதற்குள் அந்தத் துணியை மட்டும் உள்கொடியில், சேலைக்குப் பின்னால் காயப்போட்டாள். இப்போது யோசித்தால், போன வருடத்திலிருந்தே அவள் அங்கேதான் காயப்போடுகிறாள்.

ஜூலை 16, புதன்

ரேஷன் கடைச் சுவரில் நகராட்சி அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பகுதி சபை. வார்டு மக்கள் வந்து கருத்துச் சொல்லலாமாம். கீழே ஒரு வரி: 'மேற்படி இடம் தற்போது பொதுமக்களின் பயன்பாட்டில் இல்லை என நேரில் விசாரித்தபோது உள்ளூர் மாணவி ஒருவர் தெரிவித்தார்.'

பள்ளி விட்டு வரும்போது எல்லாரும் சேர்ந்து படித்தோம்.

"எவ அவ?" என்றாள் முப்பிடாதி. "நம்ம ஸ்கூலா இருக்குமோ?"

"எவளா இருந்தாலும் ஒரு நாள் எங்கையில சிக்குவா" என்றாள் இசக்கி. "கண்ணு பொட்டையாடி அவளுக்கு?"

ஆளாளுக்குத் திட்டினார்கள். நான் மட்டும் பேசாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று தோன்றியது. அதனால் நானும் திட்டினேன். மற்றவர்களைவிடக் கெட்ட வார்த்தையாகச் சொன்னேன். முப்பிடாதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வேடிக்கை பார்க்கத்தான் போவேன் என்று முதல் நாள் எழுதியிருந்தேன். யாருமே படிக்காத தாளில்கூட உண்மை எழுதப் பயந்திருக்கிறேன். நான் டீமில் இடது கார்னர். இசக்கிக்கு அடுத்து நல்ல பிடி எனக்குத்தான் என்று பி.டி. டீச்சர் சொல்லுவார். அங்கே பெண்கள் ஆடுகிறார்கள் என்று எஞ்சினியரிடம் சொல்லியிருந்தால் யார் யார் என்று கேட்டிருப்பார். அப்பாவின் கை என் தோளில் இருந்தது. அதனால்தான்.

அதனால்தானா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

இன்று நடந்த எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

சமுதாய நலக்கூடம் நிறைந்திருந்தது. மேடையில் நடு நாற்காலியில் அம்மா, பக்கத்தில் அப்பா, அந்தப் பக்கம் எஞ்சினியர். என்னை முன்வரிசையில் ஆவுடையப்பன் மாமாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அம்மா மைக்கில் "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். கூட்டங்களில் அவள் அதைத்தான் சொல்லுவாள். பிறகு அப்பா மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

எஞ்சினியர் திட்டத்தை வாசித்தார். கருத்துச் சொல்லுங்கள் என்றார். எங்கள் தெரு ராசாத்தி அக்கா உடனே எழுந்தாள்.

"எங்க குழாயில நாலு நாளைக்கி ஒருக்கதான் தண்ணி வருது. ஊத்துக்கு எங்கருந்து தண்ணி வரும்? இல்ல, எங்களையும் கொடத்தைத் தூக்கிட்டு அங்க வரச் சொல்லுதியளா?"

கூட்டம் சிரித்தது. போர் போட்டுத் தருகிறேன் என்றார் ஆவுடையப்பன் மாமா. மோட்டார் ஓட, லைட் எரிய கரண்ட் பில் யார் கட்டுவது என்று எஞ்சினியர் கேட்டார். "அது நகராட்சிதான மேடம்..." என்று மாமா இழுத்தார். மறுபடி சிரிப்பு.

அப்போதுதான் பின்னாலிருந்து இசக்கியின் குரல் கேட்டது. யூனிபார்மில் வந்திருந்தாள். டீமே வந்திருந்தது.

"மேடம், அங்க நாங்க கபடி ஆடுதோம். யாரும் பொழங்கலைன்னு எழுதியிருக்கிய. அது பொய்யி."

"ஏய் பிள்ள, உக்காரு" என்றார் அப்பா. "பெரியவங்க பேசிட்டிருக்கோம்லா."

"பேசட்டும் சார். அதுக்குத்தான் இந்தக் கூட்டம்" என்ற எஞ்சினியர் தன் காகிதத்தைப் பார்த்தார். "ஆனா நான் வந்தப்போ ஒரு ஸ்டூடண்ட் யாரும் ஆடுறதில்லன்னு சொன்னாங்களே?"

"வேற யாரு சொன்னது? நம்ம கவுன்சிலர் மகதான்!" என்று ஆவுடையப்பன் மாமா என் முதுகில் தட்டினார். "இந்தா உக்காந்திருக்கால்லா. பச்சப்பிள்ள பொய்யா சொல்லும்?"

நான் திரும்பவில்லை. ஆனாலும் இசக்கி என்னைப் பார்ப்பது கழுத்தில் தெரிந்தது. அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். புதன்கிழமை நான் திட்டிய வார்த்தையை அப்படியே என்மேல் எறிவாள் என்று நினைத்தேன். எதுவும் வரவில்லை.

"சரிம்மா, யார் யார் ஆடுறீங்க? பேரு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார் எஞ்சினியர்.

இசக்கி சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். போட்டிக்குப் போனால் பெயர் கொடுப்பதும் அவள்தான். எப்போதும் தன் பெயர், முப்பிடாதி பெயர், மூன்றாவதாக என் பெயர். இன்று மூன்றாவதாக வேறு பெயர் வந்தது. ஆறு பேரோடு நிறுத்திவிட்டாள்.

"ஆறு பேரு ஆடுனா அது என்ன கபடி? முக்காக் கபடியா?" என்று பின்வரிசையில் யாரோ ஓர் ஆள் சத்தமாகச் சொன்னார்.

எஞ்சினியர் சிரிக்கவில்லை. "ஏழாவது ஆள்?"

"ஏழாவது ஆளு கெடையாது மேடம்" என்றாள் இசக்கி.

அவள் என்னைக் காப்பாற்றினாளா, டீமிலிருந்து வெட்டிவிட்டாளா என்று அப்போது தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. நான் எழுந்து நிற்க வேண்டிய நேரம் அதுதான் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. என் பாதம் தரையில் அழுந்திக்கூட விட்டது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

மைக் கீச்சென்று கத்தியது. அம்மா அதைத் தன் பக்கம் இழுத்திருந்தாள்.

"ஏழாவது எம் மக" என்றாள். "ஒரு வருசமா ஆடுதா. தெனமும் அவ துணியில செம்மண்ணை நாந்தான் கசக்குதேன்."

"என்னட்டி உளறுத?" என்றார் அப்பா. அவர் மெல்லத்தான் சொன்னார். மைக் பக்கத்தில் இருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் மைக்கை விடவில்லை.

"இந்த வார்டு கவுன்சிலரா சொல்லுதேன் மேடம். அந்த எடம் பிள்ளைங்க வெளையாடுத எடம். எழுதிக்கிடுங்க."

எஞ்சினியர் என்னைப் பார்த்துக் கேட்டார். "அம்மா சொல்றது சரியா பாப்பா?"

நான் தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன். வாயைத் திறக்கவில்லை. எழவில்லை. அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது இசக்கி என்னைக் கடந்து போனாள். கண்ணு பொட்டை என்றுகூடச் சொல்லவில்லை.

ஜூலை 21, திங்கள்

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். இடது கையைத் தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அத்தையிடமும் அப்படியே சொன்னாள். நான் நம்பினேன் என்று எழுதிவைக்கிறேன்.

இன்று துணியை நான் துவைத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

கூட்டத்தில் நானே எழுந்து சொல்லியிருந்தால் அந்த வலி என் கையில் இருந்திருக்கும்.

ஜூலை 24, வியாழன்

இன்று நகர்மன்றக் கூட்டம். உறுப்பினர்களின் கணவர்கள் மன்றத்துக்குள் வரக்கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்களாம். அப்பா வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். இதை ராசாத்தி அக்கா தெருவுக்கே நடித்துக் காட்டினாள்.

அம்மா தனியாக ஆட்டோவில் வந்தாள். செருப்பைக் கழற்றியதும் தண்ணீர் கேட்டாள். முழுச் செம்பையும் குடித்தாள்.

"என்ன ஆச்சும்மா?"

"நன்கொடையை ஏத்துக்கிடுதோம், ஆனா வடக்கு மூலையில கெடையாது. முன்வாசல் பக்கம் வச்சிக்கிடலாம், கரண்டுப் பில்லையும் அவரே கட்டணும்னு தீர்மானம். நாந்தான் முன்மொழிஞ்சேன்." செம்பைக் கீழே வைத்தாள். "வாசிக்கும்போது ரெண்டு எடத்துல நாக்கு கொளறிட்டு."

"மாமா ஒத்துக்கிட்டாங்களா?"

"அப்படின்னா ஊத்தும் வேண்டாம், செலையும் வேண்டாம்னுட்டுப் போயிட்டாரு. பெஞ்சு, விளக்கு, எதுவும் கெடையாது. வாற வழியில நாலு பேரு என்னையத்தான் ஏசுதாவ."

சாயங்காலம் மில் ஆள் வந்து இரண்டு மூட்டையையும் திருப்பி எடுத்துப்போனான். ஒன்று பிரித்திருந்தது. கயிறு போட்டுக் கட்டி எடுத்துப்போனான். அப்பா உள்ளே படுத்திருந்தார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன். "என்னளா?" என்றாள். "கை வலிக்காம்மா?" என்று கேட்டேன். வந்தது அதுதான்.

ஜூலை 26, சனி

தேர்வுக்கு முந்தைய கடைசிப் பயிற்சி. காலையில் எழுந்து டிராயரை எடுத்தேன். அப்பா முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஸ்பெஷல் கிளாஸ் என்று நான் சொல்லவில்லை. எங்கே என்று அவரும் கேட்கவில்லை. நான் செருப்பை மாட்டினேன். அம்மா வாசல்வரை வந்து நின்றாள். நான் தெருமுனை திரும்பும்வரை உள்ளே போகவில்லை.

வடக்கு மூலையில் ஏழு பேர் இருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைச் சேர்த்திருந்தார்கள். இடது கார்னரில் முப்பிடாதி நின்றாள். என் இடத்தில். நான் கோட்டுக்கு வெளியே நின்றேன்.

"என்ன வேணும்?" என்றாள் இசக்கி.

பொய் சொன்னேன் என்று சொன்னேன். கோட்டின்மேல் ஏறி நின்றதையும் சொன்னேன். அது அவளுக்குத் தெரியாது, நான் சொல்லியிருக்கவே வேண்டாம். சொல்லும்போது அழுகை வந்தது. அவள் கேட்டு முடிக்கும்வரை மஞ்சள் விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"உங்கம்மை சொல்லலைன்னா நீ சொல்லியிருக்க மாட்ட."

"மாட்டேன்" என்றேன்.

"நாளைக்கி முப்பிடாதிதான் கார்னரு. டீச்சர்ட்ட சொல்லியாச்சு."

"சரி."

"பாடி வர்றதுக்கு ஒரு ஆளு வேணும். பிடிச்சுப் பாக்கணும்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "வேணும்னா வா. வேண்டாம்னா போ."

நான் செருப்பைக் கழற்றினேன். மூச்சை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினேன். கபடி கபடி என்று பாடிக்கொண்டு இடது பக்கம் போனேன். அந்தப் பக்கம் எப்படி நகரும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் தப்பிக்க முடியவில்லை. முப்பிடாதி தொடையைப் பிடித்தாள். இசக்கி கணுக்காலைப் பிடித்தாள். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். முகம் மண்ணில் போய் மோதியது. எழுந்தேன். "திரும்ப வா" என்றாள் இசக்கி. போனேன். விழுந்தேன். மறுபடி வா என்றாள். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை.

ஒவ்வொரு முறையும் அவள் விரல்கள் பயிற்சிக்குத் தேவையானதைவிட இறுகின. நான் விடு என்று சொல்லவில்லை. வாய்க்குள் மண் போனபோதும் பாடிக்கொண்டே இருந்தேன். மூச்சு முடிந்து பாட்டு நின்ற பிறகும் அவர்கள் கொஞ்ச நேரம் என்னை விடாமல் அமுக்கிப் பிடித்திருந்தார்கள்.